தொண்ணூற்றைந்தாயிரம் புள்ளிக்கு ஒரு குளியல் தொட்டி

கனமான சாமானாகப் பார்த்து வாங்கினால்தான் போக்கர் புள்ளிக்கு நல்ல மதிப்பு கிடைக்கும் என்று, கனடாவின் வடக்கே இருக்கும் யெல்லோநைஃப் ஊரில் முதலில் கண்டுபிடித்தவள் ஆல்மா லாஃபர்ட்டி. அது 2007-ஆம் வருஷக் கடைசி. அவளுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. ஊருக்கு வடக்கே முந்நூறு கிலோமீட்டரில் இருந்த வைரச் சுரங்கத்தின் கேம்பில் சமையல் வேலை. இரண்டு வாரம் கேம்ப், இரண்டு வாரம் வீடு. கேம்பில் இருக்கும்போது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி நானூறு பேருக்குச் சமைப்பாள். வீட்டுக்கு வந்தால் கணினியைத் திறந்து, இணையத்தில் காசு வைத்து ஆடுகிற போக்கர் சீட்டு ஆட உட்கார்ந்துவிடுவாள்.

அவளுக்கு எதிர்ப்பக்கம், அதே சமையலறை மேசையில், அம்புரோஸ் பென்னி உட்கார்ந்திருப்பான். நியூஃபவுண்ட்லாந்துக்காரன். அதே சுரங்கத்தில் வீட்டு உயரத்துக்கு இருக்கும் பாறை ஏற்றுகிற லாரி ஓட்டுகிறவன். ஆல்மாவைவிட நாலு வயது மூத்தவன். பக்கத்து வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தான். அங்கே இணையம் அடிக்கடி அறுந்துபோகும் என்று சொல்லித்தான் முதலில் அவள் வீட்டுக்கு வந்தான். இரண்டாம் முறை உப்புக் கருவாடு கொண்டுவந்தான். மூன்றாம் முறைக்குள் அவனுக்கென்று ஒரு நாற்காலியே வந்துவிட்டது.

அவர்கள் ஆடின தளத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தளம் ஒரு சின்னப் பங்கை எடுத்துக்கொள்ளும். எடுத்த பங்குக்குத் தக்கபடி உங்கள் பெயரில் புள்ளி சேரும். ஒரு மாதத்தில் இத்தனை புள்ளி சேர்த்தால் சில்வர், இத்தனை சேர்த்தால் கோல்டு. கோல்டு ஆகிவிட்டால் புள்ளி இரட்டிப்பாக ஏறும். அடுத்த மாதம் குறைவாக ஆடினால் மறுபடி கீழே இறக்கிவிடுவார்கள். மாதத்தில் பாதி நாள் கேம்பில் கிடக்கிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. மற்றவர்கள் முப்பது நாளில் செய்வதை இவர்கள் பதினாலு நாளில் செய்தாக வேண்டும்.

சேர்ந்த புள்ளியை என்ன செய்வது என்பதில் அம்புரோஸுக்குச் சந்தேகமே கிடையாது. ஒரு லட்சம் சேர்ந்தால் ஆயிரத்து ஐந்நூறு டாலர் ரொக்கமாக மாற்றிக்கொள்ளலாம். ஆட்டக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். தளத்துக்கு ஒரு கடையும் இருந்தது. தொப்பி, கைக்கடிகாரம், காபி மெஷின், டிவி என்று புள்ளிக்குப் பொருள் தருவார்கள். விலைகளைப் பார்த்தால் ஏமாற்றுவேலை என்று யாருக்கும் தெரியும்.

ஒரு நாள் காலை ஆல்மா ஆட்டத்தை நிறுத்திவிட்டு அந்தக் கடைப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொப்பி வாங்கப் போறியா?" என்றான் அம்புரோஸ்.

"ஃப்ரீசர் வாங்கப் போறேன்."

"கடையில போய் வாங்கு கண்ணு. புள்ளியை எதுக்கு வீணாக்குற?"

"முப்பதாயிரம் புள்ளி. ரொக்கமா மாத்துனா நானூத்தம்பது டாலர். இங்க நம்ம கடையில இதே ஃப்ரீசர் என்ன விலை?"

"தொள்ளாயிரம் இருக்கும். லாரி வாடகை ஏத்திருவானுங்கல்ல."

"இவன் லாரி வாடகை கேக்கல. கனடாவுல எங்க இருந்தாலும் வீட்டு வாசல்ல இறக்குறோம்னு போட்டிருக்கு. டொராண்டோவுல உக்காந்து எழுதுனவனுக்கு நம்ம ஊர் எங்க இருக்குன்னு தெரியல."

அம்புரோஸ் எழுந்து வந்து அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். அவனுடைய கணினியில் அவன் முறை வந்துவிட்டது என்று மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அப்ப எது கனமோ அதை வாங்கணும்," என்றான் மெதுவாக.

"அதான் சொல்றேன். தொப்பிக்கு ஒரு புள்ளி ஒரு சென்ட்டுக்குக்கூட வராது. ஃப்ரீசருக்கு மூணு சென்ட்."

அவனுக்குப் புரிந்தது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. ரொக்கம் ரொக்கம்தான் என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான். இத்தனைக்கும் அவன் மாற்றிக்கொண்ட ரொக்கம் எதுவும் அவன் கையில் நின்றதில்லை. ஆயிரத்து ஐந்நூறு கணக்கில் ஏறும். அன்றே பெரிய பந்தயம் கட்டுகிற மேசைக்குப் போவான். நாலு நாளில் கரைந்துவிடும். ஆல்மா திரையில் சின்னப் பந்தய மேசைகளில் நாலை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு ரேடியோ கேட்டபடி பொறுமையாக ஆடுவாள். அவன் பன்னிரண்டு மேசை திறந்துவைத்துக்கொண்டு, திரையில் இருக்கிற முகம் தெரியாத ஆட்களையெல்லாம் திட்டிக்கொண்டே ஆடுவான்.

ஃப்ரீசர் ஒன்பது நாளில் வந்து இறங்கியது. அதற்குப் பிறகு ஆல்மா ஒரு ஜெனரேட்டர் வாங்கினாள். ஊரை ஒட்டின பெரிய ஏரிக்கு அக்கரையில், விமானம் மட்டுமே போகிற ஊரில் இருந்த தங்கை டோரீனுக்கு ஒரு துணி துவைக்கும் மெஷின் அனுப்பினாள். அந்த மெஷினைச் சரக்கு விமானத்தில் ஏற்றி அனுப்பிய செலவு மெஷினின் விலையைவிட அதிகம். அதுவும் கடைக்காரன் தலையில்தான். டோரீன் போனில் கூப்பிட்டு, "அக்கா, நீ சூதாடுறேன்னு அப்பா இருந்திருந்தா வருத்தப்பட்டிருப்பாரு. ஆனா மெஷின் நல்லா ஓடுது," என்றாள்.

பின்னாளில் அந்த வருஷங்களை நினைக்கும்போதெல்லாம் ஆல்மாவுக்கு முதலில் ஞாபகம் வருவது பணமோ பொருளோ அல்ல. காலை ஒன்பது மணி. ஜன்னலில் பனி ஓரமாகப் பூத்திருக்கும். அடுப்பில் காரிபூ மான் கறி வெந்துகொண்டிருக்கும். எதிரும் புதிருமாக இரண்டு கணினி. இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசாமல் இருப்பார்கள். பிறகு அம்புரோஸ், "ரெண்டு ஏஸ் வெச்சிருந்தேன் கண்ணு," என்பான். "உன்னை யாரு கேட்டா," என்பாள் அவள். அவ்வளவுதான். அதைவிட நிம்மதியான ஒரு காலம் தன் வாழ்க்கையில் இருந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை.

2009 ஜனவரியில் அவள் குதிகால் வலிக்க ஆரம்பித்தது. கேம்ப் சமையலறைத் தரை சிமெண்ட். காலையில் கட்டிலில் இருந்து இறங்கும்போது ஆணியில் மிதித்ததுபோல் இருக்கும். டாக்டர் வெந்நீரில் காலை ஊறவைக்கச் சொன்னார். அவள் வீட்டில் நின்று குளிக்கிற ஒரு தகரக் கூண்டுதான் இருந்தது. அப்பா கட்டின வீடு. ஏரிக்கரைப் பாறைமேல் மரக்கால் நட்டு எழுப்பினது. ஊரின் அந்தப் பழைய டவுன் பகுதியில் குழாய்த் தண்ணீர் கிடையாது. லாரி வந்து வீட்டின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும்.

கடைப் பக்கத்தில் ஒரு குளியல் தொட்டி இருந்தது. வார்ப்பிரும்பு, உள்ளே வெள்ளை எனாமல் பூச்சு, கீழே நாலு கால். எடை நூற்று அறுபது கிலோ. தொண்ணூற்றைந்தாயிரம் புள்ளி.

"இதுல கழுத்து வரைக்கும் முங்கிக் கிடக்கணும்," என்றாள். "ஒரு மணி நேரம். எவனும் கூப்பிடக் கூடாது."

"பன்னி அவிக்கிற அண்டா மாதிரி இருக்கு," என்றான் அம்புரோஸ். "தரை தாங்காது. நீ தொட்டியோட சேந்து ஏரிக்குள்ள போயிருவ."

"போனா போறேன். உனக்கென்ன?"

அவளிடம் அப்போது முப்பத்தெட்டாயிரம் புள்ளி இருந்தது. அவசரமில்லை, அடுத்த வருஷத்துக்குள் சேர்ந்துவிடும் என்று நினைத்திருந்தாள். மார்ச் கடைசியில் தளத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஏப்ரல் முப்பதோடு கனமான பொருள்களைத் தொலைதூர ஊர்களுக்கு அனுப்புவது நிறுத்தப்படும். யாரோ கணக்குப் பார்த்துவிட்டார்கள்.

"துணி மெஷினை ஏத்துன விமான பில்லைப் பாத்து எவனுக்கோ நெஞ்சு வலி வந்திருக்கும்," என்றான் அம்புரோஸ்.

ஆல்மா சிரிக்கவில்லை. கேம்புக்குப் போக இன்னும் ஆறு நாள் இருந்தது. பெரிய மேசையில் ஆடினால் புள்ளி வேகமாக ஏறும் என்று அவளுக்குத் தெரியும். தன் வழக்கத்துக்கு மாறாக அங்கே போனாள். முதல் நாள் இருநூறு டாலர் ஜெயித்தாள். இரண்டாம் நாள் எண்ணூறு தோற்றாள். மூன்றாம் நாள் காலையில் கணினியைத் திறந்து, திறந்த கையோடு மூடிவிட்டாள்.

"என்னாச்சு?" என்றான்.

"என்னால முடியாது. எண்ணூறு டாலர் போட்டா அந்தத் தொட்டியில கால்வாசி வந்திருக்கும், நான் பாட்டுக்குக் கடையில வாங்கியிருக்கலாம்."

"கடையில என்ன விலை?"

"கேட்டேன். மூவாயிரத்து நானூறு. விடு."

இருந்த புள்ளிக்கு வண்டிக்குக் குளிர்கால டயர் நாலு வாங்கிக்கொண்டு அந்தப் பேச்சை அதோடு முடித்துவிட்டாள்.

அந்த ஆறு நாளில் மிச்சமிருந்த நாட்களிலும், ஏப்ரலில் கேம்பிலிருந்து திரும்பிய பிறகும், அம்புரோஸ் பேய் பிடித்தவன்போல் ஆடினான். காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுவான். பன்னிரண்டு மேசை பதினாறாயிற்று. திட்டுவதையும் நிறுத்திவிட்டான். பேச நேரமில்லை. கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"எவ்வளவு விட்டிருக்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"விடல. கிட்டத்தட்ட சமம்தான்."

"அப்ப எதுக்கு இப்படிக் கிடந்து சாகுற?"

"கோல்டு போயிரும் ஆல்மா. போச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்து ஏறணும்."

அவளுக்குக் கோபம் வந்தது. அவனைப் போல எத்தனை பேரைக் கேம்பில் பார்த்திருக்கிறாள். சம்பளத்தை வாங்கி இரண்டு வாரத்தில் தொலைத்துவிட்டு, அடுத்த விமானத்தில் வெறும் கையோடு வருகிறவர்கள். "இந்த மேசையில உக்காந்து நாசமாப் போகாத. போறதுன்னா உன் ரூம்ல போய்ப் போ," என்றாள். அவன் கணினியை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு ஒரு வாரம் வரவில்லை. மாதக் கடைசியில் கேம்புக்குப் போனபோதும் தனியாகத்தான் போனான். குதிகாலுக்காக ஆல்மா அந்த முறை விடுப்பு எடுத்திருந்தாள்.

மே மாதம் நாலாம் தேதி, முற்பகல், அவள் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. ஒரு இளம் பெண்ணின் குரல். எட்மண்டனில் இருந்து பேசுவதாகவும், போக்கர் தளத்தின் கடைக்குச் சாமான் அனுப்புகிறவர்கள் என்றும் சொன்னாள்.

"மிஸ்டர் அம்புரோஸ் பென்னி இருக்காரா?"

"அவரு கேம்ப்ல இருக்காரு. எதுக்கு?"

"அவர் ஆர்டர் பண்ணின குளியல் தொட்டி விஷயமா. டெலிவரி விலாசத்துல இந்த நம்பர்தான் இருக்கு."

ஆல்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எந்த விலாசம் போட்டிருக்கு?" என்று கேட்டாள். அந்தப் பெண் வாசித்தாள். அவள் வீட்டு விலாசம்தான். பெறுபவர் பெயர் ஆல்மா லாஃபர்ட்டி. ஆர்டர் தேதி ஏப்ரல் இருபத்தெட்டு.

லாரி வருகிற வழியில், குளிர்காலத்தில் மெக்கென்சி ஆறு உறைந்து அமைகிற பனிப்பாலம் உருகிவிட்டதாம். லாரிகளை அக்கரைக்குக் கடத்துகிற ஃபெர்ரி ஓட இன்னும் மூன்று வாரமாவது ஆகுமாம். விமானத்தில் அனுப்பினால் அவர்களுக்குக் கட்டுப்படியாகாதாம். அதனால், மிஸ்டர் பென்னி ஒப்புக்கொண்டால், ஆர்டரை ரத்து செய்து அவர் கணக்கில் இரண்டாயிரத்து நானூறு டாலர் ரொக்கமாகவே போட்டுவிடுகிறார்களாம். இன்றைக்குள் சொல்ல வேண்டுமாம்.

கேம்புக்குத் தகவல் சொல்லி, அம்புரோஸ் லாரியிலிருந்து இறங்கி, சாப்பாட்டு நேரத்தில் திரும்பக் கூப்பிட இரண்டு மணி நேரம் ஆனது. செயற்கைக்கோள் வழியாக வருகிற இணைப்பு. ஒருவர் பேசி முடித்து ஒரு நொடி கழித்துத்தான் மற்றவருக்குக் கேட்கும்.

"என்ன கண்ணு, வீட்ல தீப்பிடிச்சிருச்சா?"

"யோவ், தொட்டி ஆர்டர் பண்ணினியா?"

ஒரு நொடி. பிறகு இன்னும் ஒரு நொடி.

"பண்ணினேன்."

"அதுக்குத்தான் கிடந்து ஆடினியா?"

"அறுபத்தி ரெண்டாயிரம் புள்ளி இருந்துச்சு. முப்பத்தி மூணு குறைஞ்சுது. நீயே போன்னு சொன்ன பிறகு மிச்சத்தை ரூம்ல உக்காந்து முடிச்சேன். இணையம் அறுந்து அறுந்து வந்துச்சு, அதுல மட்டும் நூத்தம்பது டாலர் போச்சு."

இந்த மாதிரி நேரத்தில் எப்போதும் செய்வதை ஆல்மா செய்தாள். கணக்கைச் சொன்னாள்.

"கேளு. ரெண்டாயிரத்து நானூறு ரொக்கம் தரேங்குறான். தொண்ணூத்தஞ்சாயிரம் புள்ளிக்கு. எந்த ஆட்டக்காரனுக்கும் இந்த நாட்டுல இப்படி ஒரு விலை கிடைச்சதில்ல. வாங்கிக்க."

"வேணாம்."

"நீதானய்யா ரொக்கம் ரொக்கம்தான்னு சொல்லுவ?"

"அது என் கணக்குல ஏறுனா அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்காது ஆல்மா. உனக்கே தெரியும். எனக்கும் தெரியும். தொட்டி இருக்கும்."

பின்னால் சாப்பாட்டுக் கூடத்தின் தட்டுச் சத்தம் கேட்டது. யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

"ஃபெர்ரி ஓடுற வரைக்கும் காத்திருக்கோம்னு சொல்லிரு," என்றான். "மூணு வாரம்தானே. உன் காலு எப்படி இருக்கு?"

"வலிக்குது."

"சரி. வெச்சிர்றேன். இங்க இன்னிக்கு உன் இடத்துல ஒருத்தன் சமைக்கிறான். அதைச் சாப்பாடுன்னு சொல்லக் கூடாது."

தொட்டி மே மாதம் இருபத்தாறாம் தேதி வந்தது. கேம்பிலிருந்து திரும்பிய அம்புரோஸ் அதற்கு முன்பே வீட்டுக்கு அடியில் தவழ்ந்துபோய், பாறைக்கும் தரைப்பலகைக்கும் நடுவில் நாலு தடித்த மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்திருந்தான். லாரிக்காரன் சொன்னபடி வாசலில் இறக்கிவிட்டான். அதற்கு மேல் அவன் பொறுப்பில்லை. சுரங்கத்துக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். கதவு நாலு அங்குலம் சிறிசு. ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தபிறகு, பின்பக்க ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து, அதற்குக் கீழே இருந்த சுவரையும் இரண்டடி அறுத்தார்கள். அப்பா கட்டின சுவர். அறுக்கும்போது ஆல்மா வெளியே போய் நின்றுகொண்டாள்.

தண்ணீர் லாரி ஓட்டுகிற கஸ் அந்த வாரம் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒரு தடவை நிரம்பினா உன் தண்ணியில அஞ்சுல ஒரு பங்கு போச்சு," என்றான். "என்னைத் தினமும் வரவழைக்கப் பாக்குறியா?"

வெந்நீர் பாதிக்குத்தான் வந்தது. மீதிக்கு அம்புரோஸ் கேம்ப் அளவு பானையில் காய்ச்சி ஊற்றினான். ஊற்றிவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான். அந்த மாதத்தில் ராத்திரி பதினொரு மணிவரை வெளிச்சம் இருக்கும். மாலை ஐந்து மணிக்கு நடுப்பகல்போல் வெயில் அடித்தது.

ஆல்மா உள்ளே இறங்கி, கழுத்துவரை முங்கினாள். இரும்பு முதலில் முதுகில் சில்லென்று பட்டது. பிறகு அதுவும் சூடேறியது. குதிகால் வலி இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா சாகும்போதுகூட வராத அழுகை ஏனோ அப்போது வந்தது. தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

"தரை தாங்குதா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"எவனும் கூப்பிடக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"சரி சரி."

தண்ணீர் ஆறத் தொடங்கியபோது அவளே கூப்பிட்டாள்.

"அம்புரோஸ்."

"என்ன கண்ணு?"

"இந்தத் தண்ணியைத் திறந்துவிட மனசு வரல. நான் எந்திரிச்ச பிறகு நீயும் முங்கிட்டுப் போ."

அவன் பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். செயற்கைக்கோள் இல்லாமலேயே.

"உன் அழுக்கிலயா?" என்றான் கடைசியில்.

"பன்னி அவிக்கிற அண்டாதானே. உனக்குப் பொருத்தமா இருக்கும்."

அந்த அக்டோபரில் அவன் பின்னறையைக் காலி செய்துவிட்டு அவள் வீட்டுக்கே வந்துவிட்டான். ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. கல்யாணம் என்று ஒன்று செய்துகொள்ளத் தோன்றவில்லை, செய்துகொள்ளவும் இல்லை.

போக்கர் அதற்குப் பிறகு வெகுகாலம் ஓடவில்லை. 2011-இல் அமெரிக்காவில் தளங்களை முடக்கினார்கள். ஒரே வாரத்தில் மேசைகள் பாதி காலியாகிவிட்டன. தினமும் எதிரே பார்த்துப் பழகிய பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஒஹாயோவிலிருந்து ஒருவன் ஆல்மாவோடு நாலு வருஷம் ஆடியிருக்கிறான். ஒரு வார்த்தை பேசினதில்லை. அவன் வராமல் போனதும் அவளுக்கு வீட்டில் ஒரு நாற்காலி குறைந்ததுபோல் இருந்தது. கடையில் பொருள்கள் குறைந்தன. பிறகு தொப்பியும் சட்டையும் மட்டும் மிஞ்சின. கடைசியில் கோல்டு, சில்வர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

எடுத்த அன்று ஆட்டக்காரர்கள் கூடிப் பேசுகிற ஒரு இணையப் பக்கத்தில், உங்கள் புள்ளிக்கு நீங்கள் வாங்கினதிலேயே சிறந்த மதிப்பு எது என்று ஒருவன் கேட்டிருந்தான். முந்நூறு பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள். ஒருத்தன் கல்லூரிப் படிப்பை முடித்திருந்தான். ஒருத்தன் கார் வாங்கியிருந்தான். ஒருத்தன் தன் அம்மாவைக் கப்பலில் உலகம் சுற்ற அனுப்பியிருந்தான். பெரும்பாலானவர்கள் ரொக்கமே சிறந்தது என்றார்கள்.

ஆல்மா அதுவரை அங்கே ஒரு எழுத்து எழுதினதில்லை. இரண்டு விரலால் தட்டித் தட்டித் தொட்டியைப் பற்றி எழுதினாள். எடை, புள்ளி, யெல்லோநைஃபில் அதன் விலை, ஒரு புள்ளிக்கு எத்தனை சென்ட். அம்புரோஸ் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பின்னால் நின்று படித்தான்.

"முட்டுக்கட்டைக் காசைக் கழிக்கல நீ. சுவரை மூடுன செலவு. ஆறு பேருக்குப் போட்ட சாப்பாடு."

"எல்லாம் கழிச்சாச்சு. மூணு சென்ட் வருது."

"நான் ரூம்ல தோத்த நூத்தம்பது?"

"அது உன் முட்டாள்தனம். அதைக் கணக்குல சேக்க முடியாது."

அனுப்பினாள். அன்று முழுக்க யாரும் அதற்குப் பதில் எழுதவில்லை. மறுநாள் காலையில் ஒருவன் எழுதியிருந்தான். அதே ஏரியின் தென்கரையில், ஹே ரிவர் ஊரில் இருப்பவன். தன் மனைவியும் இப்படி ஒரு தொட்டி கேட்கிறாள் என்றும், வீட்டுக்கு அடியில் போகிற வடிகால் குழாய் ஜனவரிக் குளிரில் உறைந்துபோகாதா என்றும் கேட்டிருந்தான்.

ஆல்மா காபியை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். உறையும், ஒவ்வொரு ஜனவரியிலும் உறையும் என்று எழுதத் தொடங்கினாள். குழாயைச் சுற்றி மின்சூட்டு நாடா சுற்ற வேண்டும், சரிவு அதிகம் வைக்க வேண்டும். அதையும் மீறி உறைந்தால் தலைமுடி உலர்த்துகிற மெஷினோடு வீட்டுக்கு அடியில் ஒருவர் படுத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். அவர் கொஞ்சம் ஒல்லியாக இருந்தால் நல்லது.

"என்ன எழுதுற?" என்று உள்ளறையிலிருந்து கேட்டான் அம்புரோஸ்.

"உன்னைப் பத்தித்தான்," என்றாள்.